கம்ப்ளையன்ஸ் காஸ்ட்: விதியிணக்கச் செலவு

அரசு போடும் விதிக்கு உட்பட்டு நடக்க ஒரு நிறுவனத்துக்கு ஆகும் செலவே 'கம்ப்ளையன்ஸ் காஸ்ட்'. 'கம்ப்ளை' என்ற ஆங்கில வினைச்சொல்லின் வேர், நிரப்புதல், நிறைவேற்றுதல் என்று பொருள்படும் 'கொம்ப்ளேரே' எனும் லத்தீன் சொல். நாம் தினமும் சொல்லும் 'கம்ப்ளீட்'டும் அதே வேரில் முளைத்ததுதான்.

தமிழில் 'இணக்கச் செலவு' என்று எழுதுகிறார்கள். யாரோடு இணக்கம்? சண்டைபோட்ட இரண்டு பங்காளிகள் சமாதானமான செலவு போல் இருக்கிறது! 'ஒழுங்குமுறைச் செலவு' என்றாலோ, கண்காணிக்க அரசு செய்யும் செலவு என்று படிக்க இடமுண்டு. 'விதியிணக்கச் செலவு' என்பதில் இந்தக் குழப்பம் இல்லை.

எரிபொருள் சிக்கனத்துக்காகக் கார் நிறுவனங்களுக்கு இந்தச் செலவைக் கொண்டுவந்தது, 1973இல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்குப் போட்ட எண்ணெய்த் தடை. அமெரிக்கா 1975இல் சட்டம் இயற்றி, 1978 மாடல் கார்களிலிருந்து 'காஃபே' விதியை அமலாக்கியது. நிறுவனச் சராசரி எரிபொருள் சிக்கனம் என்று அதற்குப் பொருள். ஒவ்வொரு காரும் தேற வேண்டாம். நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் அரசு வைத்த இலக்கைத் தொட்டால் போதும். அதனால் டர்போ எஞ்சின், கூடுதல் கியர், அலுமினிய பாடி, ஹைபிரிட் மோட்டார் ஆகியவற்றோடு, சராசரியைத் தூக்கச் சின்ன கார்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடியும் இந்தச் செலவில் சேரும். இலக்கைவிட நன்றாகத் தேறிய நிறுவனத்திடம் வாங்கும் கிரெடிட்டும், அதாவது உபரிப் புள்ளிகளும், அப்படியே.

அபராதம் சேருமா? இலக்கணப்படி சேராது, அது இணங்காததற்கான விலை. ஆனால் கணக்குப்பிள்ளை இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். அமெரிக்காவில் சராசரி, இலக்கைவிட கேலனுக்கு 0.1 மைல் குறைந்தால், காருக்கு 5.50 டாலர் அபராதம் என்று வெகுகாலம் இருந்தது. 2 மைல் குறைந்தால் காருக்கு 110 டாலர். அறுபதாயிரம் டாலர் சொகுசுக் காருக்கு இது ஒரு பொருட்டா? எஞ்சினை மாற்றுவதைவிட மலிவென்று ஐரோப்பிய சொகுசுக் கார் நிறுவனங்கள் சில ஆண்டுக்கணக்கில் கட்டிவந்தன. 2019 மாடல்களுக்கு, 0.1 மைலுக்கான அந்த 5.50 டாலர் 14 டாலரானது. 2025இல் அமெரிக்க நாடாளுமன்றம் அபராதத்தையே பூஜ்ஜியமாக்கிவிட்டது. விதி ஏட்டில் இருக்கிறது. கடிக்கப் பல் இல்லை.

இந்தியாவில் காஃபே விதி 2017 ஏப்ரலில் வந்து, 2022 ஏப்ரலில் இறுகியது. 2022 சட்டத் திருத்தத்தின்படி, எரிபொருள் இலக்கை 100 கிலோமீட்டருக்கு 0.2 லிட்டர் வரை மீறினால் வண்டிக்கு 25,000 ரூபாய், அதற்கு மேல் 50,000 ரூபாய். ஐந்து லட்ச ரூபாய்க் காரில் அது பத்தில் ஒரு பங்கு. கட்டிவிட்டுப் போகலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.