‘ரன்னிங்’ எழுதினால் வாக்கியம் முடிந்துவிடாது, அம்மா

போன சனிக்கிழமை காலை ஒரு தாயார், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகனின் கட்டுரைத் தாளோடு சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் என் வகுப்புக்கு வந்தார். தாளில் பாதி வரிகள் சிவப்பு. உட்காருவதற்கு முன்பே ஒரு வரியில் விரலை வைத்தார்.

“டீச்சர், ‘த பாய் ரன்னிங் டு த பஸ் ஸ்டாப்’னு எழுதியிருக்கான். பக்கத்துல ‘வெர்ப் இல்லை’ன்னு போட்டிருக்காங்க. ரன்னிங்னா ஓடுறது. ஓடுறது ஆக்‌ஷன்தானே? அப்புறம் எப்படி வெர்ப் இல்லாம போகும்?”

இந்த ஒரு மாதத்தில் இதே கேள்வியோடு வந்த நான்காவது பெற்றோர் அவர். இன்னொரு கையில், புதிதாக லேமினேட் செய்த பன்னிரண்டு டென்ஸ் அட்டவணை. பையன் அதை ஒப்பிப்பானாம். ஒப்பிக்கவும் செய்தான், ஒரு பிழை இல்லாமல். அதே பையன்தான் அடுத்த வரியில் ‘ஹிஸ் மதர் ஆங்ரி’ என்று எழுதியிருந்தான்.

பதினேழு வருடமாகப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என் பொறுமையை இந்த அளவுக்குச் சோதித்த வேறு ஒரு பாடம் கிடையாது: ‘வெர்ப் என்றால் ஆக்‌ஷன் வேர்ட்.’ பாலர் பள்ளியில் படம் காட்டிச் சொல்ல அது போதும். குதி, ஓடு, சாப்பிடு. ஏழு வயதுக்குப் பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் அது பொய்யாகிவிடுகிறது. எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘ஸ்விம்மிங் ஈஸ் மை ஹாபி’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீச்சல் செயல்தான். ஆனால் இங்கே ‘ஸ்விம்மிங்’ பெயர். வாக்கியத்தின் வினை ‘ஈஸ்’, அதில் ஒரு செயலும் இல்லை. ‘திஸ் பேக் பிலாங்ஸ் டு மி’ என்பதில் பை என்ன செய்கிறது? ஒன்றும் செய்யவில்லை, சும்மா இருக்கிறது. இருந்தும் ‘பிலாங்ஸ்’ முழு வினை. ‘த ஃபைட் வாஸ் லவுட்’ என்பதில் சண்டையே நடக்கிறது, ஆனால் ‘ஃபைட்’ வினை இல்லை. செயலைத் தேடச் சொல்லி அனுப்பிய பிள்ளை இந்த மூன்றிலும் தப்பான சொல்லைத்தான் வட்டமிட்டுக்கொண்டு வரும்.

நம் இலக்கணக்காரர்கள் இந்தப் பள்ளத்தில் விழவே இல்லை. தொல்காப்பியம் வினையியலின் முதல் நூற்பாவே வினை எது என்பதைச் சொல்லிவிடுகிறது: வேற்றுமை ஏற்காது, காலத்தோடு தோன்றும். செயலைக் காட்டுவதுதான் வினை என்று அங்கே இல்லை. ‘ஓட்டம்’ செயல்தான், ஆனால் ‘ஓட்டத்தை’, ‘ஓட்டத்தால்’ என்று உருபு ஏற்கிறது, ஆகவே பெயர். ‘ஓடினான்’ என்ற வினைமுற்றோடு ‘ஐ’ சேர்த்துப் பாருங்கள், ஒட்டாது. சொல் எதைக் குறிக்கிறது என்று யோசித்துக்கொண்டிருக்காமல், அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கும் வேண்டியது அதே கண்தான்.

அந்தத் தாயாரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “‘பையன் பஸ் ஸ்டாப்புக்கு ஓடிக்கொண்டு’ன்னு தமிழ்ல எழுதி முற்றுப்புள்ளி வச்சா, ஏத்துக்குவீங்களா?”

“ஓடிக்கொண்டு... அப்புறம்? என்ன ஆச்சு?” என்றார்.

ஆசிரியர் சிவப்பு மையில் கேட்டதும் அதே ‘அப்புறம் என்ன ஆச்சு’தான். ‘ரன்னிங்’ எச்சம், அதாவது முடியாமல் நிற்கும் வினை. ‘வாஸ் ரன்னிங்’ என்று எழுதினால்தான் ‘ஓடிக்கொண்டிருந்தான்’, அதாவது வாக்கியத்தை முடிக்கும் முற்று. தமிழில் இந்த வேறுபாட்டைக் காதாலேயே பிடிக்கிறோம். ஆங்கிலத்தில் மட்டும் ‘ஓடுறது ஆக்‌ஷன்தானே’ என்று வாதம் செய்கிறோம்.

முற்று எங்கே இருக்கிறது என்பதில்தான் இரண்டு மொழியும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கின்றன. தமிழில் அது வினைத்தொடரின் வாலில் இருக்கும், ஆங்கிலத்தில் தலையில். ‘காத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்’ என்பதைக் கடைசியிலிருந்து பிரித்துக்கொண்டே வாருங்கள்: வேண்டும், இருக்க, கொண்டிருந்து, காத்து. இப்போது ‘மஸ்ட் ஹேவ் பீன் வெயிட்டிங்’ என்பதைப் பக்கத்தில் வையுங்கள். அதே நான்கு பெட்டிகள், ரயில் மட்டும் எதிர்த் திசையில் போகிறது. முதல் தடவை இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது உயர்நிலைப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு மட்டுமே என்னால் இதைக் காட்ட முடிகிறது.

ஆங்கில ரயிலில் ஒவ்வொரு பெட்டியும் தனக்குப் பின்னால் வருவது எந்த உருவில் வர வேண்டும் என்று கட்டளையிடும். ‘மஸ்ட்’, ‘கேன்’, ‘வில்’ வந்தால் அடுத்தது மொட்டையாக, வேர்ச்சொல்லாக வர வேண்டும். ‘ஹேவ்’ வந்தால் அடுத்தது ‘கான்’, ‘ஈட்டன்’, ‘பீன்’ என்ற மூன்றாம் உருவில். தொடர்ந்து நடப்பதைச் சொல்லும் ‘பீ’ (‘ஈஸ்’, ‘வாஸ்’, ‘பீன்’ எல்லாம் அதன் உருவங்கள்தான்) வந்தால் ‘இங்’. செயப்பாட்டு வினைக்கு வரும் ‘பீ’ என்றால் மறுபடி மூன்றாம் உருவம். காலத்தைச் சுமப்பது முதல் பெட்டி மட்டும்தான். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு அட்டவணை தேவையில்லை. ‘டிட் நாட் வென்ட்’ ஏன் தப்பு? காலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமந்துவிட்டது, ‘கோ’ மறுபடி சுமக்கக் கூடாது. ‘டஸ் ஷி லைக்ஸ்’ ஏன் தப்பு? ‘எஸ்’ஸை ‘டஸ்’ எடுத்துக்கொண்டது. ‘கேன் ஏபிள் டு’? ‘கேன்’ வந்தபின் ‘ஏபிள்’ எதற்கு?

அட்டவணையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வினைச்சொல்லின் உருவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆங்கிலத்துக்கு இரண்டே காலம்: ‘வாக்’, ‘வாக்ட்’. எதிர்காலத்துக்கு ‘வில்’ போன்ற சொல்லைக் கடன் வாங்கிக்கொள்கிறது. ‘நடந்தான், நடக்கிறான், நடப்பான்’ என்று மூன்று காலத்துக்கும் தனி உருவம் வைத்திருப்பது தமிழ்தான். பன்னிரண்டு கட்டங்களை மனப்பாடம் செய்ய வைத்துப் பிள்ளையைப் பயமுறுத்துவதற்குப் பதில், இரண்டு காலத்தையும் நான்கு பெட்டிகளையும் காட்டுங்கள். பன்னிரண்டும் தானாக விழும்.

‘ஹிஸ் மதர் ஆங்ரி’க்கு வருகிறேன். இது சோம்பேறித்தனம் இல்லை. இந்தத் தீவில் பிள்ளையைச் சுற்றிக் கேட்கும் மொழிகள் அப்படி. ‘அவர் டாக்டர்’ என்ற தமிழ் வாக்கியத்தில் வினையே இல்லை. மலாயில் ‘டியா டொக்டோர்’ என்றால் போதும். சீனத்தில் ‘தா ஹென் லெய்’, அவள் மிகவும் களைப்பு, அவ்வளவுதான், நடுவில் ‘ஈஸ்’ கிடையாது. மூன்று பக்கமும் இப்படிக் கேட்டு வளர்கிற பிள்ளை ஆங்கிலத்திலும் அதை விட்டுவிடுவது இயற்கை. ஆகவே தயவுசெய்து திட்டாதீர்கள். ஆங்கிலம் ஒரு பிடிவாதக்கார மொழி, செயலே இல்லாவிட்டாலும் முற்று இருக்கும் இடத்தைக் காலியாக விடாது என்று சொல்லிக்கொடுங்கள்.

இந்த இடத்தில் சில பெற்றோர் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதுண்டு. “அப்போ வீட்டுல தமிழ் பேசுறதை நிறுத்திடலாமா டீச்சர்?” வேண்டவே வேண்டாம். ஓடி, ஓடிய, ஓடினான் மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைச் செவியில் வைத்திருக்கும் பிள்ளையிடமிருந்து அந்தச் செவியையே பிடுங்குவீர்களா? தமிழை நிறுத்திவிட்டு நீங்களே ‘யூ ஈட் ஆல்ரெடி?’ என்று பேசுவதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? காப்பிக் கடையில் அப்படிப் பேசுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதைத் தேர்வுத் தாளில் எழுதலாகாது என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

முற்றைக் கண்டுபிடிக்கும் வழி ரொம்பச் சுலபம். வாக்கியத்தின் காலத்தை மாற்றுங்கள். ‘யெஸ்டர்டே’ என்பதை எடுத்துவிட்டு ‘எவ்ரி டே’ போடுங்கள், அல்லது திருப்பிச் செய்யுங்கள். எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுதான் முற்று. ‘ஹி வான்ட்ஸ் டு ஸ்லீப்’ நேற்றைக்கு ‘ஹி வான்டட் டு ஸ்லீப்’ ஆகும். ‘ஸ்லீப்’ அசையாது, ஆகவே அது முற்று இல்லை. ‘த பாய் ரன்னிங்’ என்பதில் நேற்றைப் போட்டாலும் இன்றைப் போட்டாலும் ஒரு சொல்லும் அசையாது. ‘மஸ்ட்’, ‘புட்’ போன்ற உருமாறாத சில சொற்களைத் தவிர, ஒன்றுமே அசையவில்லை என்றால் அது இன்னும் வாக்கியமாகவில்லை. அந்தப் பையன் தன் தாளில் இப்படியே சோதித்து ஏழு இடங்களை அவனே கண்டுபிடித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டாவதைக் காட்டினார்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வேறொரு வடிவத்தில் இதே பிழை வரும். ‘த மேன் ஹூ கேம் யெஸ்டர்டே மை அங்கிள்.’ ‘கேம்’ இருக்கிறதே, அது காலத்தையும் காட்டுகிறதே என்பார்கள். காட்டுகிறதுதான், ஆனால் அது ‘ஹூ’வுக்குள் அடைபட்ட முற்று. ‘நேற்று வந்த’ என்ற அடைமொழியின் வேலையைத்தான் அது செய்கிறது. வெளி வாக்கியத்துக்குத் தனியாக ஒரு முற்று வேண்டும், ‘ஈஸ் மை அங்கிள்’. தொடக்கநிலை ஆறின் இறுதியில் எழுதும் பி.எஸ்.எல்.இ. தேர்வின் ஆங்கிலத் தாளில், இரண்டு வாக்கியத்தை ஒன்றாக இணைக்கும் பகுதியில் மதிப்பெண் போகும் இடங்களில் இதுவும் ஒன்று. எத்தனை எழுவாய், அவை ஒவ்வொன்றுக்கும் எது முற்று என்று எண்ணச் சொல்லுங்கள்.

பிழை திருத்தும் பகுதியில் ‘த பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் ஆர்’ வரும். தமிழில் ‘மாம்பழப் பெட்டி’ என்றால் தலைச்சொல் கடைசியில், வினைக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆங்கிலத்தில் பெட்டி முன்னால் போய்விடுகிறது, மாம்பழங்கள் வினையை உரசிக்கொண்டு நின்று ஏமாற்றுகின்றன. ‘ஆஃப்’ வந்தால் பெரும்பாலும் அதற்கு முன்னால் இருப்பதைப் பார். ‘எ லாட் ஆஃப்’, ‘மோஸ்ட் ஆஃப்’ போன்றவை மட்டும் விதிவிலக்கு.

பெற்றோருக்கு: இன்னொரு அசெஸ்மென்ட் பயிற்சிப் புத்தகம் வாங்காதீர்கள். வீட்டில் முடிக்காமல் கிடக்கும் நான்கே போதும். ஒரு கட்டுரையில் பத்து வகைப் பிழையையும் ஒரே இரவில் திருத்தாதீர்கள், முற்றை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள், எழுத்துப்பிழை அடுத்த வாரம் வரை காத்திருக்கும். திருத்தும் செயலியில் போட்டு வாங்கும் வேலை வேண்டாம், தேர்வறைக்கு அது கூட வராது. நாளிதழ் படிக்கக் கொடுங்கள், ஆனால் தலைப்பைப் பார்த்து எழுதப் பழக்காதீர்கள். ‘மேன் அரெஸ்டட்’ என்று ‘வாஸ்’ இல்லாமல் போடுவது தலைப்புக்கு உரிய சலுகை. கீழே செய்தியின் முதல் வரியில் அந்த ‘வாஸ்’ இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

இது பிள்ளைகள் விவகாரம் மட்டும் என்று நினைக்கும் அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. துவாஸ் பக்கம் ஒரு கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒரு தம்பி, மாலை வகுப்புக்கு வருகிறார். தளத்தில் நடந்த சிறு விபத்தைப் பற்றி அவர் எழுதிய அறிக்கையில் ‘த வொர்க்கர் டோல்ட் டு ரிமூவ் த பேரியர்’ என்று ஒரு வரி. தடுப்பை எடுக்கும்படி தொழிலாளிக்குச் சொல்லப்பட்டது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. படித்த அலுவலகமோ, எடுக்கச் சொன்னதே தொழிலாளிதான் என்று புரிந்துகொண்டது. விட்டுப்போனது ஒரு ‘வாஸ்’. பழி திசை மாறிவிட்டது. அதைச் சரிசெய்ய மூன்று வாரம் விளக்கம் எழுதினார். “அக்கா, ஒரு சின்ன வார்த்தை, அதுக்கா இவ்வளவு?” என்று கேட்டார். தமிழில் ‘சொன்னார்’ என்பதும் ‘சொல்லப்பட்டது’ என்பதும் மறதியாக மாறிப்போகாது, ‘பட்டது’ சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பாரம் முழுவதும் தனியாக நிற்கும் அந்தச் சின்னச் சொல்லின் தலையில்.

தம்பிமார்களே, தளத்திலிருந்து அறிக்கை அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘டோல்ட்’, ‘ஆஸ்க்ட்’, ‘இன்ஸ்ட்ரக்டட்’, ‘செக்ட்’ என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் விரலை வைத்து, செய்தவர் இவரா, இவருக்குச் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். செய்யப்பட்டது என்றால் அதற்கு முன்னால் ‘வாஸ்’ அல்லது ‘வேர்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.