பென்ட்ரைவுக்கும் பாஸ் வேண்டும்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்துபோக, களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் மருமகன் தன் பழைய லப்டொப்பில் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்க இறங்கினான். பென்ட்ரைவில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஏற்றினான், ஓடியது. அதே பென்ட்ரைவில் ஆர்ச் லினக்ஸ் என்ற இன்னொரு வகையை ஏற்றினான், எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு லப்டொப் நின்றுவிட்டது. “மாமா, பென்ட்ரைவ் பழுதோ?” என்று கேட்டான்.

பழுதில்லை. பாஸ் இல்லை, அவ்வளவுதான்.

யுத்தகாலத்தில் மட்டக்களப்பின் வலையிறவுப் பாலத்தில் சோதனைச் சாவடியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போய்வந்தவர்களுக்கு இதை விளக்குவது லேசு. கணினியின் சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது விண்டோஸோ லினக்ஸோ அல்ல, மதர்போர்ட் சிப்பில் இருக்கும் யூஇஎஃப்ஐ என்ற மென்பொருள். அதிலுள்ள செக்யூர் பூட் என்ற காவல் வசதி இயங்கும்போது அதுதான் சோதனைச் சாவடி. இயங்குதளத்தை ஏற்றவரும் நிரலின் டிஜிட்டல் கையொப்பத்தை, அதாவது அதன் பாஸை, தன்னிடமுள்ள இரண்டு பட்டியல்களோடு ஒப்பிடும். டிபி அனுமதிப் பட்டியல், டிபிஎக்ஸ் தடைப் பட்டியல். கையொப்பமிட்ட பிறகு நிரலில் ஒரு பிட் மாறினாலும் கணக்குப் பிழைத்துவிடும்.

காவல் தேவைதான். இயங்குதளம் எழும்ப முன்னமே உள்ளே குந்திவிடும் வைரஸை, பிறகு வரும் அன்ரிவைரஸ் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் பாஸ் உள்ளவனெல்லாம் நல்லவன் என்றும் இல்லை. 2023இல் அலசப்பட்ட பிளாக் லோட்டஸ் என்ற அப்படியான வைரஸ், மைக்ரோசொப்ட் முன்பு கையொப்பமிட்ட, ஓட்டை உள்ள பழைய நிரலைக் காட்டியே உள்ளே போனது. ஓட்டையை அடைத்த புதிய நிரல் அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. பழையதைத் தடைப் பட்டியலில் போடாமல் விட்டிருந்தார்கள்.

சரி, பட்டியலை எழுதுவது யார்? 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, அதன் சான்று பெறும் கணினிகள் செக்யூர் பூட்டை இயக்கிய நிலையிலேயே விற்பனைக்கு வரவேண்டும் என்று மைக்ரோசொப்ட் விதித்தது. ஆகவே கடையில் வாங்கும் கணினியின் அனுமதிப் பட்டியலில் பெரும்பாலும், கையொப்பத்தைச் சரிபார்க்கும் மைக்ரோசொப்டின் சாவிதான் இருக்கும். உபுண்டு போன்றவை ஷிம் என்ற சின்ன நிரலுக்கு மைக்ரோசொப்டிடமே கையொப்பம் வாங்கிக்கொண்டன. வாசலைத் தாண்டியதும் ஷிம் தன்னிடமுள்ள உபுண்டுவின் சாவியால் மிச்சத்தைச் சோதிக்கும். ஆர்ச்சின் நிறுவல் கோப்பில் அந்தக் கையொப்பம் இல்லை. போட்டிக் கடைக்காரனிடம் பாஸ் வாங்கித்தான் கடை திறக்கவேண்டும் என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

செக்யூர் பூட்டை அணைக்கலாமே என்பீர்கள். இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அணைக்க வழி வைத்தே ஆகவேண்டும் என்று விண்டோஸ் 8 காலத்தில் விதி இருந்தது. ஆர்ம் சிப் உள்ள விண்டோஸ் ஆர்டி டப்லெட்டுகளிலோ அணைக்கவே விடக்கூடாது என்று விதி! விண்டோஸ் 10 வந்தபோது முதல் விதியும் தளர்ந்து, வழி வைப்பதும் வைக்காததும் தயாரிப்பாளர் விருப்பமாகிவிட்டது.

மருமகனின் லப்டொப்பில் வழி இருந்தது. அணைத்தால் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லொக்கர் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும் என்பதால், அதைக் கொப்பியில் எழுதிவைத்துவிட்டு அணைத்தான். தானே சாவி உருவாக்கிப் பட்டியலில் ஏற்றிவிட்டுத் திரும்ப இயக்கும் வேலை அடுத்த லீவுக்காம்.