சோளத்துக்குள் வண்டு: மாத்திரை வைக்காதீர்கள்

தோசைக்கென்று வாங்கிய சோளத்தில் நாலு வண்டு ஊர்ந்தால், சல்லடையில் சலித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. கூன்வண்டு தன் நீண்ட மூக்கால் மணியில் ஓட்டை போட்டு, ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற சுரப்பால் அதை அடைத்துவிடும். புழுவும் கூட்டுப்புழுவும் மணிக்குள்ளேயே வளர்ந்து, ஒரு மாத அளவில் வண்டாக வெளியே வரும். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், உள்ளே அரித்த மணிகள் மிதக்கும்.

விருதுநகர், திண்டுக்கல் பக்கத்து மானாவாரிச் சோளத்தில் கதிர் முற்றும்போதே அந்துப்பூச்சியும் கூன்வண்டும் முட்டையிடலாம். நன்றாகக் காய்ந்து வந்த மூட்டையும் வடசென்னையின் ராயபுரம், காசிமேட்டுக் கடல்காற்றில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டினால் வண்டு வேகமாகப் பெருகும். கேழ்வரகு முழு மணியாக இருந்தால் அவ்வளவாக விழாது. மாவாக அரைத்துவிட்டால் சிவப்பு வண்டு வந்துவிடும். அதனால் கூழுக்கு வேண்டிய அளவு மட்டும் அரையுங்கள்.

கவலையெல்லாம் மளிகைக் கடைகளில் தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் பற்றித்தான். 3 கிராம் மாத்திரை ஒன்று காற்றிலுள்ள ஈரம் பட்டதும் 1 கிராம் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். அந்த நஞ்சு உடலுக்குள் போனால் முறிக்க மருந்து கிடையாது. கீழே கடை, மேலே குடும்பம் தூங்கும் வீடு என்பது வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் சாதாரணம். கதவிடுக்கு, மாடிப்படி, மின்குழாய் ஓட்டை எதன் வழியாகவும் வாயு மேலே ஏறும். இதைக் கையாள உரிமம் பெற்றவர்கள் வேண்டும், அதுவும் ஆள் குடியிருக்கும் கட்டடத்தில் கூடவே கூடாது. போரிக் பவுடர் கலப்பதும் வேண்டாம், சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போகும். வேப்பிலை போட்டாலும் மணிக்குள் இருக்கும் புழு சாகாது.

வீட்டுக்கு வெயிலே போதும். மொட்டை மாடியில் கறுப்புத் தார்ப்பாயில் இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, காலை 10 மணி முதல் நடுவில் கிளறிவிடுங்கள். கடல்காற்று ஈரத்தோடு அடிக்கத் தொடங்குமுன் மதியமே அள்ளிவிடுங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், ஆறவிட்டு அடையுங்கள். மழைக்காலத்தில் இரண்டு கிலோ பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் நாலு நாள் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், குளிர் முழுக்க விட்ட பிறகு பிரித்தால்தான் மணியில் ஈரம் படியாது.