ஹாஷிம் குலத்தை மரபணுவில் தேட முடியுமா?

"எங்கள் குடும்பத்து ஆண்களுக்குத் தலைமுறை தலைமுறையாக சையது என்ற பெயர் வருகிறது. டிஎன்ஏ பரிசோதனை செய்தால் பனூ ஹாஷிம் வழியா என்று தெரிந்துவிடுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பனூ ஹாஷிம் என்பது நபிகள் நாயகம் பிறந்த குலம். அவருடைய சந்ததியார் என்று சொல்லப்படுபவர்கள்தான் சையதுகள்.

மக்காவின் குறைஷி கோத்திரத்தார் பல கிளைகளாக இருந்தார்கள். கலீஃபா அபூபக்கர் தைம் கிளை, உமர் அதீ கிளை, தளபதி காலித் பின் வலீத் மக்ஸூம் கிளை. பனூ ஹாஷிம் இன்னொரு கிளை. அதன் மூதாதையான, அப்து மனாஃபின் மகன் ஹாஷிம், வணிகப் பயணம் போன இடத்தில் காஸாவில் இறந்தார். அவர் மகன் அப்துல் முத்தலிப். அப்துல் முத்தலிபின் மகன்களில் அப்துல்லாஹ்வுக்குப் பிறந்தவர் நபிகள் நாயகம். அபூதாலிபுக்குப் பிறந்தவர் அலீ. அப்பாஸின் சந்ததியார்தான் 750 முதல் 1258 வரை பாக்தாதை மையமாக வைத்து ஆண்ட அப்பாஸியர்.

நாயகத்தின் ஆண் பிள்ளைகள் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். சையதுகளின் வழி மகள் ஃபாத்திமா மூலம் வருகிறது. ஒய் குரோமோசோமோ தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். அப்படியானால் இழை அங்கேயே அறுந்துவிட்டதா? இல்லை. ஃபாத்திமாவின் கணவர் அலீயும் அப்துல் முத்தலிபின் பேரர்தான். அவர்களுடைய மகன்கள் ஹஸன், ஹுஸைன் இருவருக்கும் அலீ வழியாக அதே ஒய் வந்து சேர்கிறது. இந்த விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

மற்ற குரோமோசோம்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் ஜோடியோடு கலந்து மாறும். ஒய்யின் பெரும்பகுதி கலப்பதில்லை, அப்படியே நகலாகிறது. ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதுபவர் செய்யும் எழுத்துப் பிழை, அதைப் பார்த்து எழுதும் எல்லாப் படிகளிலும் தொடர்வதுபோல, ஒரு ஆணின் ஒய்யில் நேர்ந்த டிஎன்ஏ எழுத்து மாற்றம் அவர் ஆண் சந்ததி முழுவதும் தொடரும். யார் யாரிடமிருந்து பிரிந்தார்கள் என்பதை இந்தப் பிழைகளே காட்டிக்கொடுக்கின்றன.

எவ்வளவு வேகத்தில் பிழை சேரும்? 2009இல் ஒரு சீனக் குடும்பத்தில், 13 தலைமுறை இடைவெளியுள்ள இரண்டு ஆண்களின் ஒய்யில் சுமார் 1 கோடி எழுத்துகளை ஒப்பிட்டார்கள். 4 புதிய மாற்றங்கள் இருந்தன. அதாவது ஏறக்குறைய 3 தலைமுறைக்கு 1. நாயகத்தின் காலம் முதல் இன்றுவரை 1400 ஆண்டுகள். தலைமுறைக்கு 30 ஆண்டு என்றால் சுமார் 47 தலைமுறை, ஏறக்குறைய 14 மாற்றங்கள். தற்செயலாக நடப்பதால் 10 ஆகவும் இருக்கலாம், 18 ஆகவும் இருக்கலாம். நூற்றாண்டுகளைச் சொல்லலாம், ஆண்டைச் சொல்ல முடியாது.

அடுத்த சிக்கல், ஹாஷிமும் உமையா அரச வம்சத்தின் மூதாதை அப்து ஷம்ஸும் உடன்பிறந்தவர்கள். இரட்டையர் என்றும் மரபு சொல்கிறது. இருவர் ஒய்யும் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவர்களுக்குப் பிறகு வந்த மாற்றங்களைக் கொண்டுதான் சந்ததிகளைப் பிரிக்க முடியும். எந்த மாற்றம் ஹாஷிம் பக்கத்தது என்று சொல்ல அவருடைய மாதிரி எவரிடமும் கிடையாது. வெவ்வேறு நாடுகளில், தனித்தனி வம்சாவளி ஏடுகள் வைத்திருக்கும் குடும்பங்கள் ஹாஷிமின் காலத்தில் ஒரே தந்தைவழி மூதாதையிடம் போய்ச் சந்திக்கின்றனவா என்று பார்ப்பதே வழி.

இந்தியத் துணைக்கண்டத்து சையதுகளை ஆராய்ந்து 2010இல் வந்த ஆய்வு, அவர்களிடம் அரபு வேர் கூடுதலாக இருப்பதைக் கண்டது. ஆனால் சமீபத்திய ஒரே தந்தைவழி மூதாதை தென்படவில்லை.

பொதுவான மாற்றங்களை வைத்து ஒய்களைப் பெரிய பிரிவுகளாகப் பிரிப்பார்கள், அதில் ஒன்று ஜே1. சில பரிசோதனை நிறுவனங்கள் 'ஜே1 பிரிவு வந்திருக்கிறது, எனவே நீங்கள் குறைஷி' என்று சொல்லிக் காசு பார்ப்பது எனக்குக் கோபமூட்டுகிறது. ஜே1 அந்தக் குலத்தைவிடப் பல ஆயிரம் ஆண்டுகள் பழையது. 2008இல் யேமனில் சோதித்த ஆண்களில் 72 சதவீதத்தினர் ஜே1தான்!

வாசகருக்கு ஒன்று சொல்கிறேன். 10 தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1024 மூதாதையர் இடங்கள். ஒய் அதில் ஒரே ஒருவரைத்தான் சொல்லும். பாட்டி வழியில் ஹாஷிம் குலம் வந்திருந்தால் இந்தப் பரிசோதனை அதைப் பார்க்கவே பார்க்காது. பணத்தைச் செலவழிப்பதானால் வம்சாவளிச் சான்றிதழ்களை விட்டுவிட்டு, வெப்பத்தில் சிதைந்துபோகும் அரேபிய எலும்புகளிலிருந்து பழைய டிஎன்ஏவை மீட்கும் ஆய்வுகளுக்கு அரசுகளும் பல்கலைக்கழகங்களும் கொடுக்க வேண்டும். அங்கிருந்து கிடைத்திருக்கும் மாதிரிகள் இன்னும் மிகக் குறைவு.