பவர் பின்: கொள்ளும் காலா, தரும் காலா?

ஐசி என்ற சிப் வேலை செய்ய மின்சாரம் வாங்கும் காலைத்தான் பொதுவாகப் பவர் பின் என்கிறோம். கையில் ஐசியை வைத்திருப்பவருக்கு அது கண்ணெதிரே இருக்கும். சுற்றுப்படத்தில்தான் அடிக்கடி காணாமல் போகும்.

7400 ஐசியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நேண்ட் கேட் எனும் சிறு தருக்கச் சுற்றுகள் நான்கு. படத்தில் நான்கையும் வேண்டிய இடத்தில் தனித்தனியாக வரைவோம். ஆனால் நான்குக்கும் பொதுவாக 14ஆம் காலில் 5 வோல்ட், 7ஆம் காலில் கிரவுண்ட். இந்த இரண்டையும் எந்தக் கேட்டின் தலையில் கட்டுவது? சுற்றுப்படம் வரையும் பல மென்பொருள்கள் இவற்றை மறைத்தே வைத்தன. மறைந்த காலின் பெயர் விசிசி (VCC) என்றால், அதே பெயருள்ள இணைப்போடு தானாகச் சேர்ந்துகொள்ளும். வசதிதான், ஆனால் உங்கள் 5 வோல்ட் இணைப்புக்கு வேறு பெயர் வைத்திருந்தால் ஐசிக்கு மின்சாரமே போகாது. படத்தில் பார்த்தாலும் தெரியாது. மூலைக்கால்கள்தானே என்று ஊகிக்கவும் முடியாது: 7490 என்ற இன்னொரு ஐசியில் அவை 5ஆம் காலும் 10ஆம் காலும். கிகேட் (KiCad) என்ற சுற்றுப்பட மென்பொருளின் நூலகத்தில் இப்போது 7400க்கு ஐந்தாவது அலகாக இந்த இரண்டு கால்களையும் தனியே வரைகிறார்கள். அதுதான் சரி.

அந்த விசிசி என்ற பெயரில் எதற்கு இரண்டு 'சி'? 'சி' என்பது டிரான்சிஸ்டரின் ஒரு முனையான கலெக்டர், நம் பாடநூல்களின் ஏற்பான். விசி என்றால் ஏற்பான் முனையின் மின்னழுத்தம். எழுத்தை இரட்டித்தால் அந்தப் பக்கத்துக்கான சப்ளை. இதே வழியில், இன்னொரு வகை டிரான்சிஸ்டரின் முனையான டிரெயினிலிருந்து விடிடி (VDD) வந்தது. வேடிக்கை என்னவென்றால், என்-வகை, பி-வகை டிரான்சிஸ்டர்கள் இரண்டும் சேர்ந்த சீமாஸ் (CMOS) சுற்றில் விடிடி போய்ச் சேர்வது பி-வகை டிரான்சிஸ்டரின் சோர்ஸ் முனைக்கு. பெயர் பழையபடியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

பவர் பின்னைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்கு வருவோம். பின் என்பதன் பழைய ஆங்கிலப் பொருள் முளை, மரஆணி. ஆனால் கடையில் '14 கால் ஐசி' என்றுதான் கேட்கிறோம். அதைவிட நல்ல சொல் தேட வேண்டாம். பவர்தான் சிக்கல். 'திறன் கால்' என்றால் வாட் கணக்கு நினைவுக்கு வரும். 'மின்னூட்டக் கால்' கூடவே கூடாது, மின்னூட்டம் என்பது சார்ஜ். பேச்சில் உள்ள 'சப்ளை கால்' இவற்றைவிடத் தேவலை.

அதிலும் ஒரு குறை உண்டு. 5 வோல்ட்டை நிலையாகத் தரும் 7805 ஐசியின் வெளியீட்டுக் காலும் பவர் பின்தான், ஆனால் அது மின்சாரம் தருவது. 7400இன் 14ஆம் கால் வாங்குவது. கிகேட்டின் பிழைசோதனை இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. வாங்கும் கால் இருந்து, தரும் கால் ஒன்றும் அந்த இணைப்பில் இல்லையென்றால் பிழை காட்டும். கனெக்டர் வழியாக மின்சாரம் வந்தாலும் அப்படித்தான். கனெக்டரின் கால் தருவதாகக் கணக்கில் வராது. அங்கே பவர் ஃபிளாக் என்ற குறியை நாமே வைத்துவிட வேண்டும். ஆகவே ஒரு சொல் போதாது. வாங்குவதை 'மின்கொள் கால்' என்றும் தருவதை 'மின்தரு கால்' என்றும் நான் எழுதுகிறேன்.