அத்திவாரம் வெட்டமுன்: வளவு மண் எவ்வளவு தாங்கும்?

யாழ்ப்பாணத்தில் மேல்மாடி வீட்டுக்குத் தூண் பேஸ், அதாவது தூணின் சுமையை மண்ணில் பரப்பும் அடிக் கொங்கிறீற்று, 4 அடிக்கு 4 அடி என்று போடுவது வழக்கமாகிவிட்டது. அந்த அளவு எந்த மண்ணுக்கு என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது.

முதலில் சுமையைப் பாருங்கள். தூண்களுக்கிடையே 3.5 மீற்றர் என்றால் நடுத்தூண் ஒன்று சுமப்பது 12 சதுரமீற்றருக்குச் சற்று மேல். சிலாப், சுவர், பாவனைச் சுமை எல்லாம் சேர்த்து ஒரு தட்டுக்குச் சதுரமீற்றருக்கு 12 கிலோநியூற்றன் (ஒரு கிலோநியூற்றன் ஏறத்தாழ 100 கிலோ எடை) என வைத்தால், இரண்டு தட்டுக்குத் தூணடியில் ஏறத்தாழ 300 கிலோநியூற்றன் வரும். 4 அடிச் சதுரப் பேஸின் பரப்பு 1.5 சதுரமீற்றர்தான். ஆக மண்ணில் விழுவது சதுரமீற்றருக்கு 200 கிலோநியூற்றன். நெருங்கிய மணலும் விறைப்பான களியும் இதைத் தாங்கும். இளகிய மணலுக்கு 100கூட அதிகம். மண் 75தான் தாங்கும் என்றால் பேஸ் 2 மீற்றர் சதுரமாக வேண்டும், அதாவது ஆறரை அடி.

மண்ணை அறியச் சோதனைக் குழி வெட்டுங்கள். வளவின் இரண்டு மூலைகளிலும் நடுவிலுமாவது வேண்டும். பேஸ் மட்டத்திலிருந்து அதன் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு ஆழமாவது கீழ்மண்ணைப் பார்க்க வேண்டும். மணற்குழியின் பக்கம் சட்டென்று சரியும். 4 அடிக்குக் கீழே முட்டுக்கொடுக்காமல் எவரையும் இறக்காதீர்கள். அயல் கிணற்றையும் எட்டிப் பாருங்கள், கட்டாத பகுதியில் மண்படைகள் தெரியும்.

குழியின் அடியில் அரை அங்குலக் கம்பியை ஊன்றுங்கள். கையால் அழுத்தவே மணலுக்குள் இறங்கினால் அது மிக இளகியது. 5 இறாத்தல் சுத்தியலால் அடிக்க இலேசாக இறங்கினால் நடுத்தரம். அடித்தும் ஓர் அடிக்கு மேல் போகாவிட்டால் நெருக்கமானது. களியைப் பெருவிரலால் அழுத்துங்கள். விரலுக்கு எளிதாக வளைந்தால் தாங்குதிறன் சதுரமீற்றருக்கு 75 கிலோநியூற்றனுக்குக் கீழ், பலமாக அழுத்தினால்தான் உருமாறும் என்றால் 75 முதல் 150, அடையாளம் மட்டும் பதிந்தால் 150க்கு மேல் என முதற்கணக்குக்கு எடுக்கலாம். எல்லையில் நின்றால் குறைந்த எண்ணையே எடுங்கள்.

கோடையில் பார்த்த குழி மாரியில் வேறு குழி. கார்த்திகை மார்கழியில் கிணற்று நீர் எந்த மட்டத்துக்கு ஏறும் என்று அயலாரைக் கேளுங்கள். அது பேஸ் அடிவரை வருமென்றால் மணலின் தாங்குதிறனைப் பாதியாக்கிக் கணக்கிடுங்கள்.

நிரப்பிய மண்ணுக்கு எந்த எண்ணும் கொடுக்க முடியாது. நாவாந்துறை, குருநகர்ப் பக்கக் கரையோரங்களில் குப்பையும் கட்டட இடிபாடும் போட்டு உயர்த்திய காணிகள் உண்டு. உள்ளூர் வளவுகளிலும் தூர்த்த கிணறு, பழைய மலசலகூடக் குழி, போர்க்காலப் பங்கர் இருக்கலாம். பங்கர் மேல் அடுக்கிய பனங்குற்றி உக்கியபின் உள்ளே வெற்றிடமே மிஞ்சும். அந்தக் காணியில் முன்பு இருந்தவர்களிடம் விசாரிப்பது எந்தக் கருவியைவிடவும் பயன்படும்.

யாழ் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் ஆபத்து வேறு வடிவில் வரும். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் தட்டுப்பட்டதும் ‘கல்லு வந்திட்டுது, இனிப் பயமில்லை’ என்று மேசன் நிறுத்திவிடுவார். இந்தக் கல் நீரில் கரைவது. புத்தூர் நிலாவரைக் கிணறே அப்படி உண்டானதுதான். மேலே ஓர் அடி ஓடாகக் கல்லும் கீழே பொந்துமாக இருக்கலாம். அலவாங்கால் தட்டுங்கள்; கல் அதிர்ந்து வெற்றொலி எழுந்தால் நம்ப வேண்டாம். ஒலி நன்றாக இருந்தாலும் ஒவ்வொரு தூணடியிலும் கொம்பிரசர் துளைகருவியால் பேஸ் அகலத்தின் இருமடங்குவரை, 1.5 மீற்றர் பேஸுக்கு 3 மீற்றர், ஒரு துளை போடுங்கள். கம்பி திடீரென விழுந்தாலோ தூள் மேலே வருவது நின்றாலோ அங்கே பொந்து. சிறியதென்றால் திறந்து, மண் அகற்றி, கொங்கிறீற்றால் நிரப்பலாம். அளவு தெரியாவிட்டால் வேலையை நிறுத்தி, மண்ணியல் பொறியியலாளரைக்கொண்டு கல்மாதிரி எடுக்கும் ஆழ்துளை போடுவிக்க வேண்டும்.

ஒரு தூண் கல்லிலும் அடுத்தது செம்மண்ணிலும் நிற்பதும் கூடாது. மண்பக்கம் இறங்கும், கல்பக்கம் இறங்காது, இடைச்சுவர் சாய்வாக வெடிக்கும். கல் அதிக ஆழமில்லையென்றால் மண்பக்கக் குழியையும் கல்வரை வெட்டி 1:3:6 (சீமெந்து, மணல், சல்லி) கொங்கிறீற்றால் உயர்த்துங்கள். கூரைநீர்க் குழாயையும் உறிஞ்சுகுழியையும் தூண்களிலிருந்து எட்ட வையுங்கள். அந்த நீர் செம்மண்ணை வெடிப்புகளூடாகக் கல்லிடைப் பொந்துக்குள் கழுவிக்கொண்டுபோகும்.