பிரஷர் ஏறினால் தலை வலிக்குமா?

ஊட்டி மார்க்கெட்டில் யாராவது நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், பக்கத்துக் கடைக்காரர் நோயையே சொல்லிவிடுவார்: "பிரஷர் ஏறியிருக்கும்ணே, மாத்திரை போட்டீங்களா?" இந்த நம்பிக்கைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. தலை வலிக்கவில்லை என்றால் பிரஷரும் இல்லை என்று முடிவுகட்டி, மாத்திரை அட்டையைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இதுதான். ஏனென்றால் 160/100 இருக்கும் பெரும்பாலோருக்குத் தலை வலிப்பதே இல்லை.

மூளைக்கு ரத்தம் கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. அதனால் மூளைக்குப் போகும் நுண்தமனிகள் தாங்களே அளவு பார்த்துக்கொள்கின்றன. அழுத்தம் கூடினால் அவற்றின் சுவரிலுள்ள தசை இறுகி, குழாய் குறுகும். அழுத்தம் இறங்கினால் தசை தளர்ந்து, குழாய் விரியும். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், மோட்டார் வேகம் கூடும்போது வால்வைத் திருகிப் பாத்திக்குப் போகும் தண்ணீரை ஒரே அளவில் வைப்பது மாதிரி. சராசரி ரத்த அழுத்தம் ஏறக்குறைய 60 முதல் 150 வரை இந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்கும். 160/100 என்பதன் சராசரி சுமார் 120தான் (கீழ் அளவே கூடுதல் நேரம் நீடிப்பதால், கணக்கில் அதற்கே எடை அதிகம்). மூளைக்குள் ஓட்டம் மாறவில்லை. பிறகு வலி எங்கிருந்து வரும்?

போதாக்குறைக்கு, மூளைத் திசுவுக்கே வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் அங்குள்ள ரத்தக் குழாய்களுக்கும்தான் வலி நரம்புகள் உண்டு. அழுத்தம் திடீரென்று 180/120-ஐத் தாண்டி எகிறும்போது நுண்தமனிகள் இறுகிப் பிடிக்க முடியாமல் கைவிடுகின்றன. நீர் கசிந்து மூளை வீங்குகிறது, உறை இழுபடுகிறது, வலியில் மண்டை பிளக்கிறது. பல வருடமாகப் பிரஷர் உள்ளவர்களின் தமனிச் சுவர் தடித்து, இன்னும் கூடுதலான அழுத்தத்துக்கும் பழகியிருக்கும். அதனால்தான் சிலர் 190-லும் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்திலும் இதயமும் சிறுநீரகமும் அடி வாங்கிக்கொண்டுதான் இருக்கும். கர்ப்பிணிகள் கதை வேறு. ஐந்து மாதத்துக்குப் பிறகு 140/90 அளவோடு தலைவலியும் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நார்வேயில் 22,685 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியான ஆய்வு இன்னும் வேடிக்கையானது. மேல் அளவு 150-க்கு மேல் இருந்தவர்களுக்கு, 140-க்குக் கீழே இருந்தவர்களைவிடச் சாதாரணத் தலைவலி சுமார் 30 சதவீதம் குறைவு! உயர் அழுத்தம் வலியுணர்வை மழுக்குகிறது என்பது ஒரு விளக்கம். சரி, தலை வலிக்கும்போது அளந்தால் பிரஷர் கூடத்தானே காட்டுகிறது? வலியும் பயமும் அட்ரினலினைச் சுரக்க வைக்கும், அழுத்தம் ஏறும். முதலில் வந்தது வலி.

மலையில் தலை வலிக்க வேறு காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சமவெளியோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் நான்கில் ஒரு பங்கு குறைவு. உயர மலைத் தலைவலி பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும் என்றாலும், மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறிவரும் சிலருக்கு இங்கேயே லேசாகத் தட்டும். கொண்டை ஊசி வளைவுக் குமட்டலும், குளிரில் தண்ணீர் குடிக்க மறப்பதும் சேர்ந்துகொள்ளும். குளிர் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் மார்கழியில் பிரஷர் கொஞ்சம் கூடுவது உண்மைதான். ஆனால் அந்த ஏற்றம் தலையை வலிக்க வைக்கும் அளவுக்கு இருக்காது.

அளப்பதிலும் மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மேடு ஏறி மூச்சிரைக்க வந்து, ஸ்வெட்டர் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக் கையை நீட்டுவார்கள். சுருட்டிய கம்பளி கையை இறுக்கினாலும், பட்டையை அதன் மேலேயே கட்டினாலும் அளவை நம்ப முடியாது. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். டீ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

தலைவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் சிறுநீரகம் வழியே உப்பைத் தேக்கி, உள்ளபடியே பிரஷரை ஏற்றிவிடும். மூக்கடைப்புக்கான ஜலதோஷ மாத்திரைகள் சிலவும் அப்படித்தான். முன்பெல்லாம் 200 என்று கண்டதும், பிரஷரைச் சட்டென்று இறக்கும் நிஃபெடிபின் கேப்சூலைக் குத்தி நாக்கடியில் விடுவார்கள். உயர் அழுத்தத்துக்கே பழகிவிட்ட தமனிகளில் திடீரென்று அழுத்தம் சரிந்தால் மூளைக்கு ரத்தம் போதாமல் பக்கவாதமே வரலாம் என்பதால் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. 180/120-க்கு மேல் அளவு இருந்து, கூடவே பார்வை மங்கல், வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை மரத்துப்போவது, நெஞ்சுவலி என்று ஏதாவது இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு வேகமாக இறக்குவது என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.